பதினான்காம் கூண்டு

நோயோ துறைமுகத்தில்
ஏப்ரல் பாதியிலேயே நண்டுக்காலம் முடிந்துவிட்டது.
திமிங்கலங்கள் முன்கூட்டி வந்துவிட்டனவாம்.
ஒரு பக்க அறிவிப்பு.
நாற்பது படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்க
என்னுடையது மட்டும் புறப்படுகிறது.

சுக்கான் அறைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது பெர்மிட்.
ஆறு பக்கம், நான்கு கையெழுத்து.
"சோதனை நோக்கத்திற்கு மட்டும்."
மூலையில் காபிக் கறை;
ஐந்தாவது கையெழுத்து அதுதான்.

பாலத்தடியில் நிற்கும் லேலண்ட் டார்வைனன்
கையசைக்கவில்லை.
முப்பது வருடமாகப் பக்கத்துப் படகு.
போன வாரம் கேட்டான்:
"அரசாங்கத்துப் பூனைக்கு இன்னைக்குப் பாலா, மீனா?"
சிரித்துவைத்தேன்.
அவனுக்குப் படகுத் தவணை இருக்கிறது,
கல்லூரியில் மகள் இருக்கிறாள்,
கட்டிப்போட்ட படகு எதையும் சம்பாதிப்பதில்லை.

கூண்டுகள் இருபது.
கயிறு உண்டு, ஆனால் அது மேலே வராது;
மிதவையோடு சுருண்டு
நாற்பது பாகம் ஆழத்தில் தூங்கும்.
கடலின் முகத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை.
மிதவையைத் தேடித் தேடியே
கண்ணோரம் சுருங்கிப்போனவன் நான்.
இப்போது ஒரு சின்னத் திரை
'இங்கேதான்' என்கிறது.
நம்பு என்கிறது.

நெஸ்டர் ஊக் ஒலிக்கருவியைத் தண்ணீரில் இறக்குகிறான்.
மெரிடித் ஓஷிரோ, இலாகா அனுப்பிய பெண்,
முந்தின இரவு முழுக்க வாந்தியெடுத்தவள்,
கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுகிறாள்.
பொத்தானை அழுத்துகிறேன்.
எங்களுக்குக் கேட்காத ஒரு குரல்
கீழே போகிறது.

மூன்று நிமிடம், பதினோரு விநாடி.
பச்சைத் தண்ணீரைப் பிளந்துகொண்டு
ஆரஞ்சு மிதவை துள்ளுகிறது:
உள்ளேன் ஐயா.
இரண்டு. உள்ளேன் ஐயா.
ஏழாவது கொஞ்சம் தாமதம்,
ஒன்பதில் கயிறு சிக்கல்,
பதின்மூன்றில் இருபத்திரண்டு நண்டு.

பதினான்கு.
மறுபடி, பதினான்கு.
இன்னொரு தடவை.

படிவத்தில் காரணத்துக்கு நான்கு கட்டங்கள்:
மின்கலம், பூட்டு, மணல், தெரியாது.
"அதுக்கு மனசு வரலை," என்றான் நெஸ்டர்.
மெரிடித் 'தெரியாது' என்பதில் கோடு போட்டாள்.
அந்தக் கூண்டு ஒன்றின் விலைக்கு
என் பழைய கூண்டுகள் பத்து வாங்கலாம்.
தொலைந்தால் யார் தலையில் விழும் என்பது
ஆறாம் பக்கத்தில், பொடி எழுத்தில்.

ஏன் இதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்று
என் மனைவி கேட்கவில்லை.
அந்தப் படத்தை அவளும் பார்த்தாள்.
மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜூனில்,
இங்கிருந்து நானூறு மைல் தெற்கே,
ஒரு கூனல் திமிங்கலம்.
வாலடியில் மூன்று சுற்று நீலக் கயிறு,
சதைக்குள் இறங்கிய கயிறு,
பின்னால் இழுபட்டுக்கொண்டே ஒரு மிதவை.
மிதவையில் எண்.
எண் என்னுடையது.

கடிதத்தில் குற்றச்சாட்டு எதுவுமில்லை.
'தகவலுக்காக' என்று மட்டும் இருந்தது.
திட்டியிருக்கலாம்.

திரும்பும் வழியில் மூடுபனி.
அதற்குள் எங்கோ
நீளமாக ஒரு மூச்சு.
நெஸ்டர் இயந்திரத்தை அணைத்தான்.
இன்னொரு மூச்சு, சற்றுத் தள்ளி,
பிறகு அதைவிடத் தள்ளி.
நாங்கள் எதையும் பார்க்கவில்லை.
மெரிடித் எழுதுகோலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை
என் படகின் மேல்தளத்தில் தொப்பென்று விழுந்தது
பதினான்காம் கூண்டு.
"பாறைமீன் பிடிக்கப் போனேன்.
உன் பிள்ளை தானா எழுந்து மிதந்துக்கிட்டிருந்துச்சு,"
என்றான் லேலண்ட்.
உள்ளே ஒரே ஒரு நண்டு,
கொடுக்குகளை மடக்கிக்கொண்டு,
சாட்சி சொல்ல வந்ததுபோல.
லேலண்ட் சட்டையில் வெண்ணெய் வாசம்.

பிடிபட்ட நண்டுகள்: ஒன்று,
என்று எழுதினேன்.
மெரிடித் என்னைப் பார்த்தாள்.
நான் கடலைப் பார்த்தேன்.

லேலண்ட் இன்னும் போகவில்லை.
கூண்டின் பூட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்,
மிதவையைப் பிடித்து அழுத்தினான்,
யாரையும் பார்க்காமல் கேட்டான்:
"பேட்டரி எத்தனை நாள் தாங்குது?"