பதினான்காவது கேள்வி

ஷார்ஜா கிளினிக்கின் படிவத்தில்
பதிமூன்று கேள்வி வரை பேனா நிற்கவில்லை.
எத்தனை கிலோ, எந்த மாதம் தலை நின்றது,
முதல் சொல் என்ன.
பதினான்கில் அரபியில் ஒரு வரி,
கீழே ஆங்கிலத்தில் அதே வரி,
பக்கத்தில் இரண்டு சிறு கட்டங்கள்.
ரீகன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து
'இல்லன்னு போடு' என்றார்.
தமிழ் தெரிந்தவர் யாருமில்லாத அறையில்
எதற்கு அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

அப்போது அவன் இருப்பதே எனக்குத் தெரியாது.
அஜ்மானில் அந்த ஆகஸ்ட்
கதவுக் கைப்பிடியிலிருந்தே சுடத் தொடங்கும்.
ரீகன் பத்து நாள் இருந்துவிட்டு மறுபடி கப்பலேறியிருந்தார்.
நான் ஏஜென்சியில் அடுத்தவர் சரக்குக்குக் கணக்கு எழுதி,
எட்டு மணிக்குமேல்
ஏசியோடு பேசிக்கொண்டிருந்தேன்.
சில்வர் தம்ளரில் ஊற்றினால்
வெள்ளை ஒயினும் சீரகத் தண்ணீரும் ஒரே நிறம்
என்று கண்டுபிடித்த கெட்டிக்காரி.
வியாழன் இரண்டு.
பிறகு திங்களும்.
பிறகு கிழமை பார்க்கவில்லை.
தள்ளிப்போன நாட்களை
வெயிலின் பற்றில் எழுதிவைத்தேன்.

பதினோராவது வாரம் ஸ்கேன் திரையில்
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒருவன் துள்ளினான்.
அன்றைக்கே நிறுத்தினேன்.
அன்றைக்கே.
இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
எத்தனை இரவு தூங்கப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் ரனா அலெப்போக்காரர்.
ஆல்ட்ரினின் முகவாயைத் தூக்கி
மேலுதட்டை நெடுநேரம் பார்த்தார்.
மூக்கிலிருந்து உதட்டுக்கு
எல்லோருக்கும் இறங்கும் அந்தச் சின்ன வாய்க்கால்
அவனுக்கு இல்லை.
நான் முத்தமிடும் இடம் அது. வழவழவென்று இருக்கும்.
ஐந்து வருடமாக அதை அழகு என்றுதான் நினைத்திருந்தேன்.

'இதனால்தான்' என்று அவர் சொல்லவில்லை.
'இருக்கலாம்' என்றார், பொருந்துகிறது என்றார்.
நஞ்சுக்கொடியில் சுங்க அதிகாரி கிடையாது,
தாய் குடித்தது தடையின்றிப் பிள்ளைக்குப் போகும்,
அதை எரிக்கிற அடுப்பு
அவனுக்குள் அப்போது கட்டி முடிந்திருக்காது.
பிறகு ஒரு தாளில் படம் வரைந்தார்:
மூளையின் செல்கள்
பிறக்கிற இடம் ஒன்று, வேலை செய்கிற இடம் வேறு.
நெடுந்தூரம் ஏறிப் போக வேண்டும்.
சில வழியில் நின்றுவிடும்,
சில தவறான மாடியில் இறங்கிவிடும்,
சில போய்ச் சேருவதே இல்லை.
இதற்கு விளக்கம் வேண்டுமா என்று கேட்டார்.
இந்த ஊரில் பதினொரு வருடம் இருக்கிறேன் டாக்டர்,
வேண்டாம்.

ரீகன் ஜன்னல் பக்கம் திரும்பி
கண்ணாடி துடைக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டேன்.
எவ்வளவு என்று கேட்ட இடத்தில்
எனக்கு எண்ணிக்கை தெரியவில்லை.
கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு.

ஆல்ட்ரினுக்கு நேற்று என்பது பிடிபடாது.
மூன்று வரை எண்ணுவான், அடுத்த நாள் இரண்டுதான் இருக்கும்.
சூடு என்று சொல்லிக்கொண்டே தோசைக்கல்லைத் தொடுவான்.
கடையில் யார் கையையும் பிடித்துக்கொண்டு போய்விடுவான்.
பள்ளிக்கூடத்தில் அவனுக்கு 'அடங்காதவன்' என்று பெயர்.
பூனைகளுக்கு மட்டும் அவன்மேல் புகார் இல்லை.

லிஃப்டில் ஏழாம் எண் பொத்தானுக்கு மேல்
மஞ்சள் மீன் ஒன்று ஒட்டியிருக்கிறேன்.
வாட்ச்மேன் இரண்டு தடவை கிழித்தார்,
மூன்றாம் தடவை காரணம் கேட்டார், விட்டுவிட்டார்.
இன்று கிளினிக்கிலிருந்து திரும்பியதும்
அவனாகவே மீனைத் தேடி அமுக்கினான்.
நான் மூச்சுவிடவில்லை.
நான்காவது மாடியில் யாரோ ஏறக் கதவு திறந்தது.
இறங்கிவிட்டான்,
வீடு வந்துவிட்ட முகத்தோடு.

ரீகன் 'டேய்' என்று கையை நீட்டினார்.
கதவு மூடுவதற்குள் நானும் இறங்கினேன்.
மிச்சம் மூன்று மாடி.
அவன் என் விரலைப் பிடித்துப்
படிக்கட்டை எண்ணத் தொடங்கினான்:
ஒன்று, இரண்டு,
இரண்டு.