அணைத்த பிறகு

இரவு இரண்டு நாற்பது.
மின்விசிறியின் வயிற்றில் இருக்கிற விளக்கு
அணைத்துவிட்டுப் படுத்த பிறகு
ஒருமுறை கண்ணடித்தது.
எண்ணினேன். பதினொரு விநாடி.
மறுபடி.

புழுக்கம், கொசு,
மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்திலிருந்து
மடிப்பாக்கத்தின் மொட்டைமாடிகள் வரை ஏறிவரும் புழுதி.
இவை போதாதென்று இதுவும்.

ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றினேன்.
சாப்பாட்டு மேஜைமேல் ஏறி இறக்கைகளைத் துடைத்தேன்,
தூசிக்கும் மினுக்கலுக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தே.
ஆஃப் பண்ணு என்று தமிழில் சொன்னேன்,
இங்கிலீஷில் சொன்னேன்,
பஸ்ஸில் கற்ற ஒரு வார்த்தையும் சொன்னேன்.
மன்னிக்கவும், புரியவில்லை
என்றது அலமாரியில் உட்கார்ந்திருந்த டப்பா.

செயலியைத் திறந்தால்
வீட்டின் பெயர்: அக்கா வீடு.
உரிமையாளர்: குணாளன்.
விருந்தாளி: நான்.

மஸ்கட் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு
அவன்தான் மாட்டினான் இதை.
பழைய ரெகுலேட்டரைப் பிடுங்கிய ஓட்டையை
வெள்ளை மூடியால் அடைத்துவிட்டு,
இனிமே எங்கேர்ந்து வேணா போடலாம், அணைக்கலாம் என்றான்.
அதைச் சொன்னபோது
தானே மின்சாரத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி இருந்தான்.
அடுத்த மாதம் போனில்
திருநின்றவூர் மனை அரை கிரவுண்டு பற்றிப் பேசினோம்.
பிறகு ஏழு மாதம் பேசவில்லை.

இங்கே இரண்டு நாற்பது என்றால்
அங்கே ஒன்று பத்து.
தூக்கம் வராத ஒருவன்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு
கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு விளக்கைத்
தட்டிப் பார்க்கிற நேரம்தான்.

நாலாம் இரவு எழுதினேன்: நீயா?
என்னது நானா? என்று வந்தது.
என்ன ஆச்சு? என்று வந்தது.
பிறகு ஏசி இரைச்சலோடு ஒரு குரல்பதிவு:
வைஃபைய ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுக்கா.

பண்ணினேன். மினுக்கியது.
மறுநாள் வேறொன்று சொன்னான். அதையும் பண்ணினேன்.

சனிக்கிழமை வருவதாகச் சொன்ன எபிநேசர்
செவ்வாய்க்கிழமை வந்தார்.
விசிறியை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.
சுவிட்சின் மூக்கில் கடுகளவு சிவப்பைத் தொட்டு,
இவர்தான் ஆளு என்றார்.
இருட்டுல சுவிட்ச் தெரியணும்னு வெச்சது.
அது எரியவும் ஒரு துளி கரண்ட் வேணும் இல்ல?
நீங்க அணைச்சாலும் அந்தத் துளி மேல போவும்.
எல்ஈடி அத வாங்கி வாங்கிச் சேத்துக்கும்.
ரொம்பினா பளிச். திரும்பக் காலி.
குண்டு பல்பா இருந்தா கண்டுக்கவே கண்டுக்காது.

அப்போ வெளியேர்ந்து யாரும்... என்று இழுத்தேன்.
யாரும் இல்ல மேடம்.
ஒரு நூல் கம்பியை வெட்டினார்.
முந்நூறு ரூபாய்.

அன்றிரவு அறை
ஒரு ஊசிமுனை வெளிச்சம் மிச்சமில்லாமல் இருண்டது.
தண்ணீர் குடிக்க எழுந்தபோது
சுவிட்சைத் தேடிக் கை சுவரெல்லாம் அலைந்தது.
காலண்டர், ஆணி, சாவிக்கொத்து, வெள்ளை மூடி.

போன் அடித்தது.
இன்னும் மினுக்குதாக்கா?

கொஞ்ச நேரம் மேலே பார்த்தேன்.
ஆமாண்டா, என்றேன்.

சரி, ரீசெட் பண்ணிடலாம்.
வேகமா அஞ்சு தடவ போட்டுப் போட்டு அணை.
நான் எண்றேன்.

ஒண்ணு.
போட்டேன், அணைத்தேன்.
ரெண்டு.
எதிர் பிளாக்கில் யாரோ திரையை விலக்கிப் பார்த்தார்கள்.
மூணு, என்றவன்
சாப்ட்டியா நீ, என்று கேட்டுவிட்டு
எண்ணிக்கையைத் தவறவிட்டான்.

இரு இரு,
முதல்லேர்ந்து போலாம்.