கருப்பந்துறையில் ஓர் அர்ச்சனை

பொம்பளைகள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும்.
அதனால் நான் கோவிலுக்கு வந்தேன்.

டவுனிலிருந்து ஆட்டோ. எண்பது ரூபாய்.
"சாமி கும்பிடவா, இல்ல அந்தப் பக்கமா?"
பையிலிருந்த தேங்காயைக் காட்டினேன்.

ஒரே மதில்தான்.
இந்தப் பக்கம் வில்வம், நந்தி,
நந்தியின் முதுகில் அசையாத ஒரு காகம்.
அந்தப் பக்கம் வறட்டி அடுக்கும் சத்தம்.
பிணம் போகிற வேளையெல்லாம் நடை சாத்தினால்
இந்தக் கோவிலை எப்போதுதான் திறப்பது
என்று பட்டர் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.
புகை குளிக்காமலே உள்ளே வந்து
பலிபீடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

காலையில் ஆர்ச் பக்கத்துச் சுவரில்தான் பார்த்தேன்,
பசை காயாத அவர் முகத்தை.
மனைவி, மக்கள், மருமகன்,
அரிசி மண்டி ஊழியர்கள் என்று கீழே பெயர்கள்.
மனைவி என்று போட்டிருந்தது நானில்லை.
பாளையங்கோட்டைக் கோர்ட்டில்
பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால்
ஒரே பேனாவில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.
மூடியைத் திருகி என் கையில் கொடுத்தார்.
பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.
எழுதாது.

அத்துக்கொண்டு வந்தவளுக்குத் தீட்டு உண்டா?
உண்டென்றால் இந்த வாசற்படியை
நான் மிதித்திருக்கக் கூடாது.
இல்லையென்றால் காலையிலிருந்து
ஒரு வாய் ஏன் இறங்கவில்லை?
பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
பங்காளிக்கு இத்தனை நாள்,
பெண் கொடுத்த வீட்டுக்கு இத்தனை நாள்.
எனக்கு ஒரு வரி இல்லை.

"யார் பேருக்கும்மா?"
"குற்றாலிங்கம்."
"நட்சத்திரம்?"
"கேட்டை."
வாய் தானாகச் சொல்லிவிட்டது.
பட்டர் தட்டோடு நின்றார்.
மதிலுக்கு அப்பால் அதே பெயரை
சற்றுமுன் யாரோ கத்திச் சொல்லியிருந்தார்கள்.
குடம் உடைந்ததும் கேட்டது.
என் கழுத்தைப் பார்த்தார், கால்விரலைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

க்ஷேமம், ஸ்தைரியம், விஜயம்,
ஆரோக்கியம், ஐசுவரியம்.
முப்பது வருஷமாய்க் கேட்டுவரும் வரிசை.
ஆயுளை மட்டும் விட்டுவிட்டார்.
ஆரோக்கியத்தை விடவில்லை.
மூச்சிரைப்புக்காரருக்கு அது நல்லதுதான்.

படித்துறையில் ஆண்கள் முங்கி எழுந்துகொண்டிருந்தார்கள்.
மொட்டைத்தலையில் நீர் வழிய ஒரு பையன்.
அவர் காதுகள் அவனுக்கு.
கோவிலுக்குப் போனவள் கால் கழுவக் கூடாது,
சுடுகாட்டுக்குப் போனவள்
தலைமுழுகாமல் வீடேறக் கூடாது.
மருதமரத்து வேரில் நின்றேன்.
பாபநாசத்தில் தண்ணீர் திறந்திருப்பார்கள் போல.
ஆறு ஒரு படி ஏறி வந்து
செருப்பை நனைத்தது.
அதற்குமேல் வரவில்லை.

ராத்திரி அடுப்பு மூட்டவில்லை.
ஏன் என்று கேட்க வீட்டில் ஆளில்லை.
பிரசாதத் தேங்காய் மூடியைக்
கத்தியால் கீறிக் கீறித் தின்றேன்,
விளக்குப் போடாமல்.
கொண்டையை அவிழ்த்ததும் புகை வாசம் இறங்கியது.
தலைக்கு
நாளைக்கு ஊற்றிக்கொள்ளலாம்.