மனஸ்தாபம்

எங்க ஊரில் அந்தச் சொல்லுக்கு
வேற அர்த்தமுங்க.
போர் போட்ட செலவில்
அண்ணன் ஞானாபரணத்துக்கும் எனக்கும்
ஒன்பது வருச மனஸ்தாபம்.
கல்யாணப் பத்திரிகைகூட ஆள்விட்டுத்தான்.

போன ஞாயிறு கோயிலில் வாசிப்பு என் முறை.
நினிவேக்குச் சொன்ன தீங்கை நினைத்துத்
தேவன் மனஸ்தாபப்பட்டார் என்ற இடத்தில்
நாக்கு தடுக்கியது.
கோவித்துக்கொண்டாரா, விட்டுவிட்டாரா?
சொன்ன சொல் மாறாதவர்
எப்படி மாறினார்?

செவ்வாய் ராத்திரி ஷிஃப்ட்.
வீரபாண்டிப் பிரிவு, சாயப்பட்டறை. நான் பாய்லர்.
மூணாம் மிஷினுக்கு நீராவி விட
வால்வில் கை வைத்துப் பாதி திருப்பியாச்சு.
உள்ளே திபாகர் இருக்கான் என்று கூப்பாடு.
அடைத்தேன்.

ஏறி வந்தவன் பீடி கேட்டான்,
ஒன்றுமே நடக்காத மாதிரி.

நெருப்பு எங்கே போகும்?
விறகு எரிந்துகொண்டுதான் இருந்தது.
முள் சிவப்பைத் தொட்டது.
இரும்பு முனகியது.
அவன்மேல் போயிருக்க வேண்டிய கொதி அத்தனையும்
கலனுக்குள்ளேயே நின்று
கலனைத்தான் சுட்டது.

மனம். தாபம்.
பிரித்துச் சொல்லிப் பார்த்தேன்,
பாய்லர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது.
என் பஸ்
அண்ணன் வீட்டு முக்கில் நின்றுதான் போகும்.