நாற்பத்தொன்று

காப்பித்தூள் டப்பாவில் நாற்பது இருந்தன.
எண்ணித்தான் வாங்குவேன்,
பிறர் பித்தளைக்கு நான் பொறுப்பு.
'சானா அறையில் வைத்திருந்தேன், ஈரத்தில் கறுத்துவிட்டது, ராய்லி.
சீசனுக்குமுன் வேண்டும்'
என்றான் என்ஸியோ.
வெளியே வண்டிக்குள் அவன் நாய்
நிறுத்தாமல் குரைத்துக்கொண்டிருந்தது.

கூஹ்மோவில் ஆகஸ்ட் இரவு
இன்னும் முழுசாய் இருட்டப் பழகவில்லை.
கொட்டகையில் விளக்குப் போடாமலே
சுட்டு ஓய்ந்த கேப்புகளை
ஒவ்வொன்றாய்த் தட்டி உதிர்த்தேன்.
விரல்நுனியில் போன வருஷத்துக் கரி.

அமோனியா கலந்த பாலிஷை
இந்தக் கொட்டகைக்குள் விடுவதில்லை.
மேலே மினுக்கைக் கொடுத்துவிட்டு
உள்ளே விரிசலை வைத்துப் போகும்,
என் முதல் கணவனின் பேச்சைப் போல.
வெந்நீர், ஒரு கரண்டி எலுமிச்சை உப்பு,
ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு. பத்து நிமிடம்.
கூடினால் ரோஜா நிறம் ஏறிவிடும்.
பார்க்க அழகுதான்;
துத்தநாகம் பறிகொடுத்த பித்தளை அது,
அதை நம்பி முகத்தருகே வெடிக்க முடியாது.

பிறகு உருளை.
பழைய வாஷிங் மெஷின் மோட்டார்,
உள்ளே பொடி எஃகு ஊசிகள், இரண்டு மணி நேரம்.
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்துகொண்டே இருப்பதுபோல்
ஒரு சத்தம்.
முதல் தண்ணீர் சகதி. அடுத்தது தேயிலை.
மூன்றாவதில் என் கை தெரிந்தது.

அப்போதுதான் பார்த்தேன்.
ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரே கீறல்:
ஒரு நீளக் கோடு, பக்கத்தில் ஒரு குட்டைக் கோடு.
கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியில்
எங்கோ ஒரு பிசிறு.
சுடும்போது பித்தளை ஒரு கணம் வீங்கி
துப்பாக்கியின் வயிற்றை அளவெடுத்துக்கொள்ளும்;
வெளியேறும்போது கொக்கியின் கையெழுத்தையும்
வாங்கிக்கொண்டு விழும்.

அலமாரியில், காலிக் கடுகுப் புட்டியில்,
மே மாதத்திலிருந்து ஒன்று கிடக்கிறது.
பனி உருகிய சதுப்பில், பாசிக்குள்,
ஒரு பெண் எல்க்கின் விலா எலும்புகளுக்கு முப்பதடி தள்ளி
எடுத்தது.
போன ஜூலையில் சுட்டிருக்கிறார்கள், சீசனுக்கு வெகு முன்னால்.
பின்தொடைகளை மட்டும் அறுத்துப் போயிருக்கிறார்கள்.
கன்றை அக்டோபரில் சாலையோரம் பார்த்தோம்.
அப்புறம் பார்க்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் அன்று
என்ஸியோவின் குரல்தான் உரக்க இருந்தது.
'காட்டைத் திருடுகிறவன் நமக்குள் இருக்கக் கூடாது.'
அறிவிப்புத் தாளைக்கூட அவனே எழுதி ஒட்டினான்,
நான்கு மூலைக்கும் நான்கு ஆணி.

பச்சைக் களிம்பு தடித்திருந்த அதையும்
எலுமிச்சை நீரில் போட்டேன்.
ஊற வைத்தேன். உருட்டினேன். தேய்த்தேன்.
விளக்க விளக்க
நான் கேட்காத ஒரு விளக்கம் வந்தது:
ஒரு நீளக் கோடு. பக்கத்தில் குட்டை.

போலீஸ் எண் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.
எடுத்துப் படித்தேன், திரும்ப வைத்தேன்.
சாட்சிக்கு நானே சோப்புப் போட்டாயிற்று.
ரை ரொட்டி சுடும் தட்டில் எல்லாவற்றையும் பரப்பி
இளஞ்சூட்டில் அடுப்புக்குள் தள்ளினேன்.

சனிக்கிழமை வந்தான்,
கூலியோடு ஒரு புட்டி மஞ்சள் சதுப்புப் பழ ஜாமும் கொண்டு.
மேஜையில் கொட்டினேன்.
வழக்கம்போல் இரண்டிரண்டாய் நகர்த்தி எண்ணினான்.
ஒன்று மிஞ்சியது.
மறுபடி எண்ணினான்.
'நாற்பதுதானே கொடுத்தேன்?'
'எல்லாம் உன்னுடையதுதான்' என்றேன்.

அவன் ஒன்றை எடுத்து விளிம்பைத் திருப்பினான்.
இன்னொன்றை. இன்னொன்றை.
நாற்பத்தொன்றும் ஒரே மஞ்சள்,
ஒரே ஜன்னல் எல்லாவற்றிலும்.
எது என்று அவனுக்குத் தெரியவில்லை.
எனக்கும்தான், இப்போது.
நாய் எப்போது குரைப்பை நிறுத்தியதோ.

நாற்பதை டப்பாவில் அள்ளிக்கொண்டான்.
ஜாமை மறந்துவிட்டுப் போனான்,
அல்லது விட்டுவிட்டுப் போனான்.
மேஜைமேல் ஒன்று நிற்கிறது.
வாயைத் திறந்துகொண்டு.