ஏழாம் பீ.ஏ., எம் இரண்டரை

சிலிண்டர் மூடிக்கு ஆறு துளை.
ஐந்து நாளாக ஒன்றும் துளைக்கவில்லை.

நீர்வேலி வாழைத்தோட்டத்தில்
மண்ணெண்ணெய் குடித்துத் தண்ணீர் இறைத்த இயந்திரம்
ஆறில் ஒரு பங்காய்
கொக்குவிலில் என் மேசையில் கிடக்கிறது,
ஆணி இல்லாமல்.

குகநேசன் லெஸ்ரரிலிருந்து அனுப்பிய பெட்டியில்
பீ.ஏ. மரைவெட்டிகள், எண்ணெய்த் தாள் சுற்றி.
"பழைய இங்கிலிஷ் இயந்திரத்துக்கு
இதுதான் பொருத்தம் மச்சாள்,
வேறெதையும் போட்டிடாதை."

ஸ்ரான்லி வீதி நற்குணத்தின் கடையிலோ
எம் இரண்டரை,
நூறு ஆணி ஒரு சரை.
ஏழாம் பீ.ஏ.யை நீட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்:
"இது எந்த மணிக்கூட்டிலை கழன்றது?"

பருமன் ஒன்றுதான்.
புரிக்குப் புரி
நூறில் மூன்று மில்லிமீற்றர் பிசகு.
அவரது சுரையில் என் ஆணி
மூன்று சுற்றுச் சிரித்துக்கொண்டே போனது;
நாலாவதில் முறைத்தது.
சம்பந்தம் பேசிவிட்டுப் போன வீடுகள் நினைவு வந்தன.

அன்றிரவு மின்சாரம் போனது.
மேசையிலிருந்து ஓர் ஆணி விழுந்த சத்தம்,
அவ்வளவுதான்.
ரோச் லைற்றோடு முழங்காலில் தேடும்போதே
முடிவாகிவிட்டது:
தொலைந்தால் நாளைக்கே
சைக்கிளில் போய் வாங்கக்கூடியது எதுவோ, அது.

எம் இரண்டரையின் தலை பெரிது,
சின்ன மூடியில் காளான் முளைத்த மாதிரி.
அரத்தை எடுத்துப்
பக்கம் பக்கமாய்த் தேய்க்கிறேன்.
ஆறு தலை, முப்பத்தாறு பக்கம்.
பதினொன்றில் நிற்கிறேன்.

குகநேசனின் ஆணிகளில் இரண்டைப்
பெயர்த்தகட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.
அதை ஒருவரும் கழற்றமாட்டார்கள்.
படம் அனுப்பும்போது
அந்தப் பக்கத்தைத்தான் எடுப்பேன்.