செவ்வாய்க்கிழமை விலை

இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு.
செவ்வாய்க்கிழமை மதியம் அதுதான் விலை.
நான் பொய் சொல்லவில்லை.

எஸ்.பி. ரோட்டில், மாடிப்படிக்குக் கீழே
ஆறடிக்கு நாலடி எங்கள் கடை.
கண்ணாடிக்குள் அந்தக் கிராஃபிக்ஸ் கார்டு
மூன்று மாதமாக இருந்தது.
தூசு தட்டும்போது மட்டும்
அதன் விசிறி கொஞ்சம் சுற்றும்.

அவள் மாரிகுப்பத்திலிருந்து வந்திருந்தாள்,
காலை ரயிலில் நின்றுகொண்டே.
பெயர் எப்சிபா. பில்லுக்காக
இரண்டு தடவை எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.
இன்னும் கட்டாத வீடுகளுக்குப் படம் செய்கிறாளாம்:
சுவர், ஜன்னல், ஜன்னல் வழியே விழும் வெயில்.
"வெயிலுக்குத்தான் நேரமாகுது அண்ணா.
ஒரு ஹாலுக்கு ராத்திரி முழுக்க ஓடும்,
விடிஞ்சு பார்த்தா பாதியில நின்னிருக்கும்."

பணம் பாதி போனில் வந்தது.
மீதி ரப்பர் பேண்டுக்குள்.
சீட்டு எடுத்த பணம், பார்த்ததுமே தெரிந்தது.
ஐம்பதும் நூறுமாய்,
எல்லாத் தலையும் ஒரே பக்கம் பார்க்க அடுக்கியிருந்தாள்.

"எத்தனை வருஷம் தாங்கும்?"
"கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு வருஷம்."

சட்டைப்பையில் என் போன்.
போனில் டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்பிய செய்தி:
வியாழன் காலை புதுசு இறங்குது,
பதினேழாயிரம், ஒன்றரை மடங்கு வேகம்,
பழசை வந்த விலைக்குத் தள்ளுங்க.
கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்று.
பாரஸ்மல் சேட் டீயை ஊதிக்கொண்டே
என்னைப் பார்த்தார்.
"பில் மாடு" என்றார்.

வியாழன். மழையில் ஓரம் நனைந்த பெட்டிகள் வந்தன.
கண்ணாடிக்குள் இருந்தவையெல்லாம்
யாரும் தொடாமலே
கிழடாகியிருந்தன.
ஒரு கீறல் கிடையாது,
ஒரு மணி நேரம்கூட ஓடியது கிடையாது.
ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டினேன்.
பத்தொன்பது. பதினேழு. பதினைந்தரை.
அப்புறம் எண்ணே இல்லாமல்
"விலை கேட்கவும்".

சனிக்கிழமை அவள் எண்ணிலிருந்து அழைப்பு.
இரண்டு முறை அடித்து ஓய விட்டேன்.
மூன்றாவதில் எடுத்து,
திட்டுக்கு இடம் விட்டு
காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"அண்ணா! ஹால் நாப்பது நிமிஷத்துல முடிஞ்சிருச்சு.
வெயில் சோபா வரைக்கும் வந்திருச்சு.
அனுப்புறேன், பாருங்க."

பார்த்தேன்.
யாரும் குடிவராத ஹால்.
கால் படாத தரையில் நீளமாய் வெயில்.
மேஜையில் ஒரு ஆரஞ்சு, அதற்கும் நிழல் உண்டு.
எங்கள் கடைக்குள் வெயில் வந்து
எத்தனை வருஷம் என்று யோசித்தேன்.
வந்ததே இல்லை.

கீழே இன்னொரு செய்தி.
"புதுசு வந்திருக்காமே, தம்பி சொன்னான்.
உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

படித்துவிட்டேன் என்று
இரண்டு நீலக் கோடு அவளுக்குப் போய்விட்டது.
'தெரி' என்று தட்டினேன்.
மிச்சத்தைப் போனே எடுத்து நீட்டியது,
பக்கத்தில் பக்கத்தில்:
தெரியும். தெரியாது.

யாரு அது, என்றார் சேட்.
"வாரண்டி" என்றேன்.